மூடுபனியில் முதலிடம்

ஓட்டப்பந்தயத்தில் நமக்கு முன்னால் யாரும் ஓடவில்லை என்றால் அதற்கு இரண்டு காரணங்கள் இருக்கலாம். ஒன்று, நாம்தான் முதலில் ஓடிக்கொண்டிருக்கிறோம். இன்னொரு காரணமும் இருக்கக்கூடும் என்பது இருபது வயதில் எனக்குத் தெரியாது. யாரும் சொல்லித் தரவும் இல்லை. (சொல்லியிருந்தாலும் கேட்டிருக்க மாட்டேன். அந்த வயதில் நான் யார் பேச்சையாவது கேட்டதாக எங்கள் வீட்டில் சாட்சி கிடையாது.)

எண்பதுகளின் தொடக்கம் அது. மலேசியாவில், கேமரன் மலையில் ஒரு தேயிலைத் தோட்டத்தின் ஆலையில், தூள் பிரிக்கும் பகுதியில் எனக்கு வேலை. காலையில் பெஞ்சில் உட்கார்ந்தால் சாயங்காலம் வரை தூளிலிருந்து காம்பு பொறுக்க வேண்டும். உடம்பில் அசைவது விரல்களும் வாயும் மட்டும்தான். இந்தத் தகுதியோடுதான் நான் சேற்று ஓட்டத்துக்குப் பெயர் கொடுத்தேன்.

சேற்று ஓட்டம் என்பது எங்கள் புது துரையின் கண்டுபிடிப்பு. வெள்ளைக்கார துரையெல்லாம் போய் வெகுநாள் ஆகியிருந்தது. இவர் சிரம்பான் பக்கத்து ஆள். ஆனால் மேனேஜர் நாற்காலியில் யார் உட்கார்ந்தாலும் எங்களுக்கு துரைதான். பள்ளிக்கூடத்தில் மாணவர் படையில் இருந்தவராம். படையை விட்டுவிட்டார், விசிலை விடவில்லை. தோட்டத்து விளையாட்டு விழாவில் வழக்கமாக நடக்கும் எலுமிச்சம்பழக் கரண்டி ஓட்டத்தையும் சாக்கு ஓட்டத்தையும் பார்த்து முகத்தைச் சுளித்தார். "இதெல்லாம் பிள்ளைங்க விளையாட்டுலா. இந்த வருஷம் பெரியவங்க விளையாடலாம்" என்றார்.

பெண்களுக்கான விதி இதுதான். மூன்று மூன்று பேராகச் சேர வேண்டும். மூவரையும் இடுப்பில் ஒரே கயிற்றால் கட்டிவிடுவார்கள். சேற்றுக்குழியில் இறங்கி, வலைக்கு அடியில் ஊர்ந்து, சாலைக்குக் கீழே தண்ணீர் போகும் சிமெண்டுக் குழாய்க்குள் நுழைந்து, தேயிலைச் சரிவில் ஏறித் திரும்பி வந்து ரிப்பனை அறுக்க வேண்டும். வழி நெடுகக் குச்சியில் சிவப்புத் துணி கட்டியிருக்கும். மூவரும் சேர்ந்தே போய்ச் சேர வேண்டும். ஒருத்தியைக் கழற்றிவிட்டு வந்தால் செல்லாது.

முதல் பரிசு ஒரு தையல் மெஷின். மூவருக்கும் சேர்த்து ஒன்றே ஒன்று.

என்னோடு சேர்ந்தவர்கள் தனமும் மேரியும். இருவரும் என் பெஞ்சில்தான் காம்பு பொறுக்கினார்கள். தனம் என்னைவிட ஒரு தலை உயரம். ஒரு நாளைக்குப் பத்து வார்த்தைகளுக்கு மேல் பேசமாட்டாள். பேசும் பத்தும் சரியாக இருக்கும் என்பதை நான் பின்னால்தான் கவனித்தேன். மேரிக்குக் கண்ணாடி இல்லாவிட்டால் எதிரில் நிற்பது ஆளா மரமா என்று தெரியாது. அந்தக் கண்ணாடி சேற்றில் விழுந்து உடையக்கூடாது என்று, அதைப் பத்திரமாக வீட்டு அலமாரியில் வைத்துவிட்டுப் பந்தயத்துக்கு வந்தாள். ஆகவே நான் முன்னால், மேரி நடுவில், தனம் பின்னால் என்று வரிசை முடிவானது. கண்ணுள்ளவள் வழிகாட்ட வேண்டும் என்பது என் யோசனை.

எங்கள் மூவரில் ஒருத்திக்கும் தைக்கத் தெரியாது. ஆனாலும் மெஷினை ஒவ்வொரு வீட்டிலும் நான்கு நான்கு மாதம் வைத்துக்கொள்வதென்று ஒப்பந்தம் செய்துகொண்டோம். முதல் நான்கு மாதம் யாருக்கு என்பதில் மட்டும் ஒரு நாள் பேசாமல் இருந்தோம்.

எதிர் அணி என் வீட்டிலேயே இருந்தது. அண்ணி.

அண்ணி தாப்பாவிலிருந்து எங்கள் வீட்டுக்கு மருமகளாக வந்து அப்போது ஒன்றரை வருடம். கொழுந்து எடுக்கும் வேலை. தினமும் முதுகில் கூடையோடு செங்குத்தான மலைச்சரிவில் ஏறி இறங்குபவர். எங்கள் லயத்து வரிசை வீடுகளில் அக்கம்பக்கத்துக்காரிகள் இரண்டு பேரைச் சேர்த்துக்கொண்டு அவரும் பெயர் கொடுத்திருந்தார். அவருக்குத் தைக்கத் தெரியும். கல்யாணத்தின்போது தன் பெட்டியில் சன்னல் திரைக்கென்று நீலத்தில் வெள்ளைப் பூப்போட்ட துணி ஒன்று கொண்டுவந்திருந்தார். மெஷின் இல்லாததால் அந்தத் துணி ஒன்றரை வருடமாகப் பெட்டியிலேயே கிடந்தது. இது எனக்கும் தெரியும். நான் ஜெயித்தால் எங்களுடைய நான்கு மாதத்தில் அண்ணி தைத்துக்கொள்ளட்டும், பெருந்தன்மையாக அனுமதி கொடுத்துவிடலாம் என்று நினைத்திருந்தேன்.

"சரசு, நீயும் பேர் குடுத்துட்டியாமே?" என்று கேட்டார் அண்ணி, அடுப்பைப் பார்த்தபடி.

"ஆமா."

"ஒக்காந்து வேல செய்ற பிள்ள. முட்டி புடிச்சிக்கும்லா."

"பள்ளிக்கூடத்துல நூறு மீட்டர்ல ரெண்டாவதா வந்தவ அண்ணி நான்."

"எத்தன பேரு ஓடுனீங்க?"

"மூணு பேரு." (மூன்றாவது பெண் செருப்பு அறுந்து பாதியில் உட்கார்ந்துவிட்டாள். அதை நான் சொல்லவில்லை.)

"நீங்க எப்படி ஓடப்போறீங்க?" என்று திருப்பிக் கேட்டேன்.

"நாங்க எங்க ஓடப்போறோம்? நடந்தே வந்துடுவோம்" என்றார். அந்தப் பதிலில் இருந்த அலட்சியத்தைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. பந்தயத்துக்கு முந்தின வாரம் முழுக்க வேலைக்குப் போகும்போதும் வரும்போதும் ஓடினேன். லயத்து நாய்கள் முதல் இரண்டு நாள் என்னோடு ஓடின. பிறகு சலிப்புத் தட்டி நின்றுவிட்டன.

விழா ஞாயிற்றுக்கிழமை காலை. முந்தின நாள் முழுக்க மழை. துரை மிகவும் சந்தோஷமாக இருந்தார். செயற்கையாகச் சேறு உண்டாக்கத் தண்ணீர் லோரிக்குச் சொல்லி வைத்திருந்தாராம். அது தேவைப்படவில்லை. நான் லோரி ஓட்டும் அண்ணனுடைய பழைய காற்சட்டையை இடுப்பில் மடித்துக் கட்டிக்கொண்டு போய் நின்றேன். எட்டு அணிகள். கயிற்றை அவரவரே கட்டிக்கொள்ளலாம் என்றார்கள். நான் ஒன்றின் மேல் ஒன்றாக ஐந்து முடிச்சுப் போட்டேன்.

பக்கத்தில் நின்ற அண்ணி எட்டிப் பார்த்தார். "இவ்ளோ முடிச்சு எதுக்கு?"

"அவுந்துடக்கூடாதுல்ல."

"அப்புறமா அவுக்கணும்ல?"

"ஜெயிச்சதுக்கப்புறம் மெதுவா அவுத்துக்கலாம் அண்ணி" என்றேன்.

துரை விசில் ஊதினார்.

சேற்றுக்குழியைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. இறங்கும்போது மூன்று பேராக இருந்தோம். ஏறும்போது ஒரே நிறத்தில் ஒரே பொருளாக இருந்தோம். மேரி உரக்க ஜெபம் செய்துகொண்டே வந்ததால் அவள் வாய்க்குள்ளும் கொஞ்சம் போனது. வலைக்கு அடியில் ஊர்ந்தபோது எங்களுக்கு முன்னால் இரண்டு அணிகள் இருந்தன. அதை நன்றாகப் பார்த்தேன். அண்ணியின் அணி பின்னால் பேசிக்கொண்டு வந்தது. மீன் குழம்பைப் பற்றி என்று நினைக்கிறேன்.

அடுத்தது சிமெண்டுக் குழாய். உள்ளே கும்மிருட்டு, முழங்கை அளவு தண்ணீர். அது பனியைவிடச் சில்லென்று இருந்தது. நான் நுழைந்து, மேரியை இழுத்து, தனத்தையும் இழுத்துக்கொண்டு அந்தப் பக்கம் வெளியே வந்தேன். வெளியே உலகத்தையே காணோம்.

கேமரன் மலையில் மூடுபனி சொல்லிக்கொண்டு வராது. நாங்கள் குழாய்க்குள் இருந்த அந்த இரண்டு நிமிடத்தில் இறங்கிவிட்டிருந்தது. கை நீட்டினால் விரல் தெரியவில்லை. முன்னால் போன இரண்டு அணிகளும் கண்ணில் படவில்லை. நான் உடனே ஒரு முடிவுக்கு வந்தேன்.

"மேரி, நாமதான் இப்ப மொதல்ல!"

அவர்களைக் குழாய்க்குள் தாண்டிவிட்டோம் என்று கணக்குப் போட்டேன். அந்தக் குழாய்க்குள் ஒரு ஆள் இன்னொரு ஆளைத் தாண்ட முடியாது. ஒரு பூனை இன்னொரு பூனையைக்கூடத் தாண்ட முடியாது. அதை நான் யோசிக்கவில்லை.

"ஸ்தோத்திரம்" என்றாள் மேரி. தனம் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் நான் ஓட ஆரம்பித்துவிட்டேன். கயிறு இழுத்ததால் அவள் சொல்ல வந்தது இருமலாக வெளியே வந்தது.

குழாயைத் தாண்டியதும் இடது பக்கம் திரும்பி மேலே ஏற வேண்டும். அதைக் காட்டுவதற்கென்றே ஒரு கங்காணியை அங்கே நிறுத்தியிருந்தார்கள். அவர் கையைக் காட்டிக்கொண்டுதான் இருந்திருக்கிறார். பனியில் கை தெரியவில்லை. குரல் மட்டும் கேட்டது. "அந்தப் பக்கம் இல்ல! அந்தப் பக்கம் இல்லலா!" பின்னால் யாரோ வழி தவறிப் போகிறார்கள் என்று நினைத்தேன். அநேகமாக அண்ணியாகத்தான் இருக்கும். கொஞ்சம் பாவமாகக்கூட இருந்தது.

பனி ஒரு நொடி விலகியபோது வலது பக்கம், தூரத்தில் கீழே, ஒரு குச்சியில் சிவப்புத் துணி தெரிந்தது. அதை நோக்கி ஓடினேன். அதைத் தாண்டி இன்னொன்று. அதற்கும் அப்பால் இன்னொன்று. தேயிலைச் செடிகளுக்கு நடுவே வழுக்கி, உட்கார்ந்து, பல இடங்களில் உட்கார்ந்தபடியே இறங்கினோம். ஒரு கம்பி வேலி வந்தது. துரை எதையும் விட்டு வைக்கவில்லை என்று வியந்தேன். கம்பிக்குக் கீழே நுழைந்தபோது அண்ணனுடைய காற்சட்டையில் ஒரு சாண் துணி அங்கேயே தங்கிவிட்டது. பிறகு ஒரு வாய்க்கால். பிறகு ஒரு நாய். அது உண்மையாகவே குரைத்தது, உண்மையாகவே துரத்தியது. இது மட்டும் கொஞ்சம் அதிகம் என்று எனக்கும் பட்டது.

"சரசு" என்றாள் தனம்.

"ஓடு!"

"சரசு, தொர முட்டக்கோசும் நட்டாரா?"

குனிந்து பார்த்தேன். காலடியில் வரிசை வரிசையாக முட்டைக்கோசு. ஒரு வரிசை விட்டு ஒரு வரிசை குச்சி. குச்சியில் சிவப்புத் துணி. குருவி விரட்டக் கட்டியிருந்தார்கள். இப்போது எழுதும்போது எல்லாம் பளிச்சென்று தெரிகிறது. அப்போது நான் சொன்ன பதில் இது:

"அதுவும் ஒரு தடைதான். மிதிக்காம ஓடணும் போல."

மிதிக்காமல் ஓடினோம். அந்தத் தோட்டக்காரருக்கு நாங்கள் செய்த ஒரே நன்மை அதுதான்.

முட்டைக்கோசு முடிந்த இடத்தில் கரிய நிறத்தில் மேடாக ஒரு சேறு. நான் தயங்காமல் ஏறினேன். முழங்கால் வரை இறங்கியது. இடுப்பு வரை இறங்கியது. மேரி மூக்கை உறிஞ்சினாள்.

"இந்தச் சேறு வேற மாதிரி நாறுது சரசு."

"வாய மூடிக்கிட்டு வா" என்றேன். நான் சொன்ன அர்த்தத்தில் அல்லாமல் வேறொரு அர்த்தத்தில் அது நல்ல யோசனை. அது கோழி எரு. திரிங்காப் பக்கத்துக் காய்கறித் தோட்டங்களுக்கெல்லாம் லோரியில் வந்து இறங்குவது. மழையில் ஊறி நன்றாகப் பக்குவப்பட்டிருந்தது.

எருவின் மறுபுறம் ஒரு சீனர் மண்வெட்டியோடு நின்றிருந்தார். பனிக்குள்ளிருந்து ஒரே கயிற்றில் கோத்த மூன்று உருவங்கள் தன் எருக்குவியலிலிருந்து எழுந்து வருவதைப் பார்த்தார். மண்வெட்டியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டார்.

"மாவ் பெர்கி மானா?" என்று மலாயில் கேட்டார். எங்கே போக வேண்டுமாம். என்ன கேள்வி இது என்று எனக்கு எரிச்சல்.

"பினிஷ்! பினிஷ் மானா?" என்று கத்தினேன். பந்தயம் முடியும் இடம் எங்கே என்பது என் கேள்வி.

அவர் கொஞ்சம் யோசித்தார். பிறகு மேலே கையைக் காட்டினார். காது கொடுத்துக் கேட்டேன். அந்தத் திசையில் ஒலிபெருக்கி பாடிக்கொண்டிருந்தது. நடுநடுவே யாரோ மைக்கைத் தட்டி "ஹலோ, ஹலோ" என்றார்கள். கைதட்டல்கூடக் கேட்டது. எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது.

"நமக்காகக் காத்துக்கிட்டு இருக்காங்கடி!"

அந்த ஏற்றத்தை நாங்கள் ஓடிய ஓட்டம் இருக்கிறதே, அதை எங்கள் பள்ளிக்கூட வாத்தியார் பார்த்திருக்க வேண்டும். அரை மணி நேரப் பந்தயத்தில் நாங்கள் அப்போது ஒரு மணி நேரத்தைத் தாண்டியிருந்தோம். மூச்சு வாங்கியது. மேரி ஜெபத்தை நிறுத்திவிட்டு வெறுமனே "ஏசுவே, ஏசுவே" என்று மட்டும் சொல்லிக்கொண்டு வந்தாள். ஏற்றம் முடிந்து சமதளத்தில் கால் வைத்தபோது பனி லேசாக விலகியது. மாவிலைத் தோரணம். இரண்டு பக்கமும் ஜனங்கள். நடுவில், மார்பு உயரத்தில், சிவப்பு ரிப்பன்.

இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு பாய்ந்தேன். ரிப்பன் அறுந்தது. காகித ரிப்பன், ஒரு சத்தமும் இல்லாமல் அறுந்தது. நடுவில் கட்டியிருந்த பூ மட்டும் என் நெஞ்சில் ஒட்டிக்கொண்டது. அந்தப் பக்கம் புதுச் சிமெண்டுத் தரை. ஈரம். நான் நிற்க நினைத்தேன், தரை ஒத்துழைக்கவில்லை. மேரியும் தனமும் என் பின்னாலேயே சறுக்கிக்கொண்டு வந்தார்கள். மூவரும் ஒரு கதவைத் தள்ளிக்கொண்டு ஒரு கட்டடத்துக்குள் போய், சுவரில் மோதி உட்கார்ந்தோம்.

"மொதப் பரிசு எங்களுக்குத்தான்!" என்று கத்தினேன். சுவரெல்லாம் அதைத் திருப்பிச் சொன்னது.

ஒலிபெருக்கியில் பாட்டு நின்றது.

"சரசு" என்றாள் தனம். "இது நம்ம தோட்டம் இல்ல."

அது அவளுடைய அன்றைய பத்தாவது வார்த்தையாக இருக்கலாம். அதற்குப் பிறகு சாயங்காலம் வரை அவள் பேசவில்லை.

நாங்கள் உட்கார்ந்திருந்த இடம் பக்கத்துத் தோட்டத்தின் புதிய பெண்கள் குளியலறை. திறப்பு விழா. வாசலில் ஈப்போவிலிருந்து வந்திருந்த ஒரு டாக்டரம்மா, வெள்ளைச் சேலையில், கையில் கத்திரிக்கோலோடு நின்றிருந்தார். கத்திரிக்கோல் திறந்தபடியே இருந்தது. அவருக்குப் பக்கத்தில் தாம்பாளம் ஏந்திய இரண்டு பெண்கள். மைக்குக்கு முன்னால் அந்தத் தோட்டத்து ஆபீஸில் கணக்கு பார்க்கும் பெரிய கிராணி. அவர் வாயும் திறந்தபடியே இருந்தது.

மேரிக்கு இது எதுவும் தெரியவில்லை. அவள் கண்ணுக்கு வெள்ளையாக ஒரு உருவம் தெரிந்தது. எங்கள் துரை அன்று வெள்ளைச் சட்டையில் வந்திருந்தார். மேரி எழுந்து, கயிற்றோடு எங்கள் இருவரையும் இழுத்துக்கொண்டு நேராக வாசலுக்குப் போனாள். டாக்டரம்மாவின் கையை இரண்டு கையாலும் பிடித்துக் குலுக்கினாள்.

"ரொம்ப நன்றிங்க தொர" என்றாள்.

டாக்டரம்மா தன் கையைப் பார்த்தார். அதை முகர்ந்து பார்க்க வேண்டிய தேவை இருக்கவில்லை.

அந்த நேரத்தில் பூமி பிளந்திருந்தால் நான் முதலில் குதித்திருப்பேன், மற்ற இருவரையும் கயிறு கொண்டுவந்து சேர்த்திருக்கும். பூமி பிளக்கவில்லை. புதுச் சிமெண்டு.

"இந்தக் குளியலறை யாருக்காகக் கட்டினது?" என்று டாக்டரம்மா கேட்டார்.

"தோட்டத்துப் பெண்களுக்காகங்க டாக்டர்" என்றார் கிராணி. மைக் வேலை செய்துகொண்டிருந்ததால் ஊருக்கே கேட்டது.

"இவங்க யாரு?"

கிராணி எங்களை மேலிருந்து கீழே பார்த்தார். "பெண்கள்தாங்க. எந்தத் தோட்டம்னு கழுவிப் பாத்தாத்தான் தெரியும்."

டாக்டரம்மா சிரிக்கவில்லை. கத்திரிக்கோலைத் தாம்பாளத்தில் வைத்தார். "அப்ப தண்ணியத் தொறங்க" என்றார்.

இப்படியாக அந்தக் குளியலறை திறந்து வைக்கப்பட்டது. கயிற்றை அவிழ்க்கப் பார்த்தார்கள். நனைந்த கயிறு ஊதி, ஐந்து முடிச்சும் ஒரே கல்லாகியிருந்தது. திறப்பு விழாக் கத்திரிக்கோல் அந்தத் தடிக்கயிற்றில் ஏறவே இல்லை. ஆகவே மூன்று பேரும் கட்டியபடியே, உடுத்தியபடியே, வரிசையாகக் குழாய்க்கு அடியில் நின்றோம். கதவு திறந்திருந்தது. வெளியே இருநூறு பேர் நின்றார்கள். கேமரன் மலைக் குழாய்த் தண்ணீரின் குளிரைப் பற்றிச் சொல்ல என்னிடம் வார்த்தை இல்லை. மேரியிடம் இருந்தது, அத்தனையும் வேதாகமத்தில் உள்ளவை. முகம் தெரிய ஆரம்பித்ததும் கூட்டத்தில் ஒருவர், "அட, இது லோரிக்காரர் தங்கச்சிலா!" என்றார். எல்லோரும் கைதட்டினார்கள்.

பிறகு துண்டு கொடுத்தார்கள், போர்த்திக்கொள்ளக் கைலி கொடுத்தார்கள். சூடாகக் கேசரியும் தேத்தண்ணியும் கொடுத்தார்கள். இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டேன். ஒரு போட்டோவும் எடுத்தார்கள். அந்தத் தோட்டத்து லோரியில் ஏற்றி வீட்டுக்கு அனுப்பினார்கள். வழியில் நான் மேரியிடம் சொன்னது நினைவிருக்கிறது: "நல்லவேளை, நம்ம ஆளுங்களுக்கு ஒண்ணும் தெரியாது. பாதில வெலகிட்டோம்னு சொல்லிக்கலாம்."

லோரி எங்கள் தோட்டத்துக்குள் நுழைந்தபோது விளையாட்டுத் திடலில் ஒருவரும் இல்லை. பந்தல் காலியாக நின்றது. ரிப்பன் அறுந்து கிடந்தது. மேலே மலைச்சரிவில், இன்னும் கலையாத பனிக்குள், யாரோ பிஸ்கட் டின்னைத் தட்டும் சத்தம் கேட்டது. பல குரல்கள் கூப்பிட்டுக்கொண்டிருந்தன. "சரசூ! தனம்! மேரீ!" கீழ்ச்சாலையில் அண்ணன் தன் லோரியை மெல்ல ஓட்டிக்கொண்டு விடாமல் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தார்.

லோரி நிற்கும் முன்பே எழுந்தேன். கயிறு மற்ற இருவரையும் எழுப்பியது.

லோரியைப் பார்த்து ஓடி வந்தவர்கள் நடந்ததைச் சொன்னார்கள். குழாய்க்கு அப்பால் அண்ணியின் அணி, மீன் குழம்பைப் பற்றிப் பேசிக்கொண்டே, சரியான வழியில் ஏறியிருக்கிறது. முன்னால் போன இரண்டு அணிகளும் சரிவில் வழுக்கி விழுந்ததில் இவர்கள் முந்திவிட்டார்கள். கடைசித் திருப்பத்தில் ரிப்பன் கண்ணுக்குத் தெரிகிறது. இருபது அடிகூட இருக்காது. அண்ணி நின்று, "சரசு வந்துட்டாளா?" என்று கேட்டிருக்கிறார். வரவில்லை என்றார்கள். "எனக்கு முன்னாலதான போனா?" என்றாராம். அங்கேயே கயிற்றை அவிழ்த்துப் போட்டுவிட்டு வந்த வழியே திரும்பி ஓடியிருக்கிறார். நடந்தே வருவேன் என்று சொன்னவர் அன்று ஓடியது அப்போது மட்டும்தான்.

நாங்கள் குழாய்க்குள் சிக்கிக்கொண்டோமோ என்று அதற்குள் இரண்டு தடவை நுழைந்து பார்த்திருக்கிறார். கீழே யாரோ போன சத்தம் கேட்டதென்று கங்காணி சொன்னதும் சரிவில் இறங்கியிருக்கிறார். வேலிக் கம்பியில் அண்ணனுடைய காற்சட்டைத் துணி தொங்கிக்கொண்டிருந்தது. வேலியைத் தாண்டினால் ஒரு பக்கம் முட்டைக்கோசுத் தோட்டம். இன்னொரு பக்கம் செங்குத்தாக ஓடைக்குப் போகும் பள்ளம். பனியில் எது எந்தப் பக்கம் என்று யாருக்குத் தெரியும்?

நாங்கள் லோரியிலிருந்து இறங்கி நின்றபோது அண்ணி சரிவிலிருந்து வந்தார். தலையிலிருந்து கால் வரை சேறு. முழங்கை சிராய்த்து ரத்தம். ஒரு கையில் அந்தத் துணித்துண்டு. என்னைப் பார்த்தார். குளித்து, தலை துவட்டி, கைலி போர்த்தி, அந்தத் திடலிலேயே சுத்தமான மூன்று பேராக நாங்கள் நின்றோம். என் நெஞ்சில் ரிப்பன் பூ இன்னும் இருந்தது. அழகாக இருக்கிறதே என்று குளிக்கும் முன் எடுத்து வைத்து, பிறகு கைலியில் செருகிக்கொண்டிருந்தேன்.

திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"சாப்ட்டியா?" என்று கேட்டார்.

உதட்டில் கேசரி நெய் இன்னும் ஒட்டியிருந்தது. தலையை மட்டும் ஆட்டினேன். அவர் என் முன்னால் மண்டியிட்டு அந்தக் கயிற்றைப் பார்த்தார். விரலால் முடியவில்லை. கொண்டை ஊசியை எடுத்தார். கடைசி முடிச்சுக்குப் பல்லை வைத்தார். ஐந்தும் அவிழ வெகுநேரம் ஆனது. அதுவரை அவர் தலை என் வயிற்றில் பட்டுக்கொண்டிருந்தது. அவர் உடம்பு நடுங்கியது. குளிர் என்று நினைத்தேன். இல்லை, அப்படி நினைத்துக்கொள்ள விரும்பினேன்.

தையல் மெஷின், வழுக்கி விழுந்து எழுந்து வந்த மேல் லயத்துப் பெண்களுக்குப் போனது. துரை நியாயமானவர், ஆறுதல் பரிசாக எனக்கு ஒரு விசில் கொடுத்தார். அடுத்த வருடம் மறுபடியும் எலுமிச்சம்பழமும் கரண்டியும் வந்துவிட்டன.

நான் செய்த தவறுக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்று தோன்றியது. அண்ணியின் பெட்டியிலிருந்து அந்த நீலத் துணியை எடுத்து, ஊசியும் நூலுமாக உட்கார்ந்து, இரண்டு வாரம் கையாலேயே திரை தைத்தேன். ஒரு திரை சன்னலைவிட ஒரு சாண் நீளம். இன்னொன்று ஒரு சாண் குட்டை. அண்ணி இரண்டையும் தூக்கிப் பிடித்து வெகுநேரம் பார்த்தார். "சராசரியா சரியா இருக்கு" என்று சொல்லி மாட்டினார். பதினோரு வருடம் அவை அப்படியே தொங்கின.

பந்தயத்தைப் பற்றி முதல் ஒரு வாரம் அண்ணி வாயைத் திறக்கவில்லை. எட்டாவது நாள் திறந்தார். இன்று வரை மூடவில்லை. பொங்கலுக்குச் சொன்னார், தீபாவளிக்குச் சொன்னார். என்னைப் பெண் பார்க்க வந்தவர்களிடம் தேத்தண்ணி ஆறுவதற்குள் சொன்னார். (வந்தவர் சிரித்த சிரிப்பில் தேத்தண்ணி கொட்டியது. அவரைத்தான் கட்டிக்கொண்டேன்.) வருடத்துக்கு ஒரு தடை கூடியது. இப்போது அண்ணி சொல்லும் கதையில் இரண்டு நாய்களும் ஒரு மாடும் வருகின்றன. குளியலறை வாசலில் ஐந்நூறு பேர் நிற்கிறார்கள். திருத்த முயன்றால், "நீ பனியில எதப் பாத்த?" என்கிறார். எங்கள் குடும்பத்தில் யாராவது காரில் வழி தவறினால், "சரசத்தை வழியா வந்தீங்களா?" என்றுதான் கேட்பார்கள். பிறந்தநாளுக்குக் கேக்கில் ரிப்பன் சுற்றி வந்தாலும் யாராவது ஒருவர் என் தோளைப் பிடித்துக்கொள்வார்.

இரண்டு வருடத்துக்கு முன்னால் அண்ணியின் இளைய மகள் ஈப்போவில் பல் மருத்துவமனை திறந்தாள். வாசலில் சிவப்பு ரிப்பன். தாம்பாளத்தைக் கொண்டுவந்து என் முன்னால் நீட்டினார்கள். அதில் கத்திரிக்கோல் இல்லை.

"அத்தை அறுத்தா கத்திரிக்கோல் எதுக்கு?" என்றாள் அந்த அண்ணன் மகள். எல்லோரும் கைப்பேசியைத் தூக்கிப் பிடித்தார்கள். மறுக்கவா முடியும்? எனக்கு அறுபது தாண்டிவிட்டது, முட்டியில் இரண்டு பக்கமும் வலி. புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு, நான்கு எட்டு வேகமாக நடந்து, நெஞ்சை நிமிர்த்தி மோதினேன்.

அறுபடவில்லை. அது பட்டு ரிப்பன், நல்ல அகலம். என்னை ஏந்திக்கொண்டு மெல்லப் பின்னால் தள்ளியது. நான் மறுபடியும் முன்னால் சாய்ந்தேன். அது மறுபடியும் தள்ளியது. கூட்டம் சிரிக்க ஆரம்பித்தது.

ரிப்பனின் ஒரு முனை தூணில் கட்டியிருந்தது. மறு முனையைப் பிடித்துக்கொண்டு நின்றவர் அண்ணி. எழுபதைத் தொட்டுக்கொண்டிருந்தார். முகத்தில் ஒரு சிரிப்பும் இல்லாமல் நேராக எங்கோ பார்த்துக்கொண்டிருந்தார். நான் மூன்றாவது முறை சாய்ந்தபோது விரல்களை விரித்துவிட்டார்.

ரிப்பன் என்னோடு உள்ளே வந்தது. எல்லோரும் கைதட்டினார்கள். போன தீபாவளிக்கு அண்ணி கதையைச் சொன்னபோது புதிதாக ஒரு முடிவு சேர்த்திருந்தார்: "அன்னிக்கு அவ அறுத்தது காகிதம். இது பட்டு. அறுபது வயசுல நெஞ்சாலயே அறுத்தா, நான் பக்கத்துல நின்னு பாத்தேன்." நான் திருத்தவில்லை.